மதிய வாசிப்பும் மூணு மணி வண்டியும்

அந்த யோசனை எனக்குள்ளிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

பென்னாகரம் கிளை நூலகத்தில் நான் சேர்ந்த புதிது. காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் ஒரு பெரியவர் வாய்விட்டுத்தான் படிப்பார். சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எனக்கோ சர்டிபிகேட் படிப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சூடு ஆறாமல் இருந்தது. எழுந்து போய், “ஐயா, மனசுக்குள்ள படிங்க” என்றேன். அவர் பாவம், நிறுத்திக்கொண்டார். உடனே வெளியிலிருந்து ஒரு பெண் குரல்.

“அவர ஏன் சார் நிறுத்தறீங்க? இப்பதான் விஷயத்துக்கே வந்தாரு.”

எட்டிப் பார்த்தேன். புல்லுக்கட்டைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு நடுவயதுப் பெண் நின்றிருந்தார்.

“தெனமும் இங்கயேதான் நிப்பீங்களா?” என்றேன்.

“சும்மாட்ட அவுத்துக் கட்டற நேரந்தானுங்க. ஆனா அவரு படிச்சு முடிக்கற வரைக்கும் இந்தச் சும்மாடு சரியாவே ஒக்கார மாட்டேங்குது.”

அவர் பெயர் ரோசலி. கூலி வேலைக்குப் போகிறவர். ஊருக்கு வெளியே மாதா கோயில் பக்கத்தில் வீடு. எழுத்து தெரியாது. அந்தப் பெரியவரை மறுபடியும் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தவனுக்கு, அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. உள்ளே வருகிறவர்களைத்தான் வாசகர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை என்ன கணக்கில் சேர்ப்பது?

நண்பர்களே, நம் துறை மலரில் இந்த மாதிரி அனுபவக் கட்டுரையை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். இந்த முறை புதிதாகக் கிளைகளுக்கு வந்திருக்கிற உங்களுக்காக என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். உங்களைவிட நான் ஒரு வருஷம்தான் மூத்தவன். புத்தகங்களை வரிசைப்படுத்துவதும் எண் போடுவதும் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பயிற்சியில் யாரும் சொல்லாத ஒரு மதியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் கிளைகள் எல்லாம் மதியத்தில் மூடிக்கிடக்கும். பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பதோ அந்த நேரத்தில்தான். அதனால் வாரத்தில் ஒரு மதியம், பெண்களுக்கு மட்டும், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று ஒரு நிகழ்ச்சி வைக்கலாம் என்று தோன்றியது. தருமபுரிக்குப் போய் மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

“எல்லாரும் மூடறதுக்குப் பர்மிஷன் கேப்பாங்க. நீ தெறக்கறதுக்குக் கேக்கறியே.”

“ஆமாங்க சார்.”

“சரி, செய். ஆனா நீ கல்யாணமாகாத பையன். பொம்பளைங்க இருக்கறப்ப நீ உள்ள ஒக்காராதே. ஊரு பேச ஆரம்பிச்சா ஒன் புரோகிராமும் போச்சு, எங்க பேரும் போச்சு.”

இப்படித்தான் நான் நடத்துகிற நிகழ்ச்சிக்கு நானே வெளியே உட்கார்ந்திருக்கும்படி ஆனது. நூலகத்துக்கு நேர் எதிரே பாஷா பாயின் சைக்கிள் கடை. அவர் மனைவி மும்தாஜ் பத்தாவது வரை படித்தவர். யாரைப் படிக்கச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பாஷா பாயே சொன்னார்: “எங்க வூட்ல ரேடியோ பாடும்போதே, அதுக்கு மேல சத்தமா பொஸ்தகம் படிக்கும் சார். கேட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு, நீங்க எங்கடையிலதான் ஒக்காரணும்.”

“ஏங்க பாய்?”

“எனக்கும் பேச்சுத்துணை வேணுமில்ல.”

அந்த மதியங்களில் பஞ்சர் போட வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். “என்ன சார், ஒங்க ஆபீஸ்ல இருந்து ஒங்களையே தொரத்திட்டாங்களா?” நான் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்காது. சில சமயம் சிரிப்பு வரும். சில சமயம் ரொம்ப நேரம் சத்தமே வராது.

முதல் வாரம் நான் எடுத்துக்கொடுத்தது மக்கிய உரம் தயாரிப்பது பற்றிய சிறு நூல். பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். முடிந்து வெளியே வந்த ரோசலியக்கா ரோட்டைத் தாண்டி நேரே சைக்கிள் கடைக்கு வந்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. எருக்குழிய நாங்க தெனமும் பாக்கறோம். நாங்க பாக்காதது எதாச்சும் படிக்கச் சொல்லுங்க.”

பாஷா பாய் பம்பை அடித்துக்கொண்டே தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அப்போதுதான் அந்தத் தொடர்கதை கைக்கு வந்தது. யாரோ ஒரு வாசகர், ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள், வார இதழில் வரும் கதையை வாராவாரம் கிழித்து அடுக்கி, நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டியிருப்பார்கள். அந்த மாதிரி. முதல் தாளே போய்விட்டதால் எழுதியவர் பெயர் தெரியாது. பின்பக்கங்களில் துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், பாதியில் நின்ற ஜோசியப் பலன். மும்தாஜ் அவசரத்தில் விளம்பரத்தையும் சேர்த்துப் படித்துவிடுவாராம். பெண்கள் அதையும் விடவில்லை. “அந்தத் தைலத்தப் பத்தி இன்னும் கொஞ்சம் படி” என்பார்களாம்.

கதை இதுதான். ஒரே வீட்டில் பிறந்த அக்கா, தங்கை. தங்கை மகளுக்குக் காதுகுத்து. அக்காவை நேரில் வந்து அழைக்காமல் ஆள்விட்டுச் சொல்லியனுப்புகிறாள் தங்கை. அவ்வளவுதான். பேச்சு நின்றுபோகிறது. வருஷக்கணக்காக நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரைதான்.

நான் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாஷா பாய் வீட்டில் ராச்சாப்பாட்டின்போது கேட்டு, மறுநாள் எனக்குச் சொல்வார். “நேத்து அக்காக்காரி ஏரிக்கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா சார். என்ன மனசு பாருங்க.” சொல்லிவிட்டு ஒரு தடவை, செயினுக்கு எண்ணெய் விட்டபடியே, “ரோசலியக்காவுக்கும் பாப்பாரப்பட்டியில ஒரு தங்கச்சி இருக்குது. இதே மாதிரிதான். அந்தம்மா மகன் கோயில்ல மொதமொத நன்மை வாங்கற புதுநன்மை விசேஷத்துக்கு நேர்ல வந்து கூப்பிடல. ஆள் வுட்டாங்க. அதுல இருந்து போக்குவரத்து கிடையாது” என்றார்.

“ரோசலியக்கா சொன்னாங்களா?”

“அவங்க எங்க சொல்றாங்க. ஊருக்கே தெரியும். நீங்கதான் இப்ப வந்தீங்க.”

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. மும்தாஜ் கதையை நிறுத்தி ஏதாவது விளக்கம் சொன்னால் ரோசலியக்கா விடமாட்டாராம். “இரு. இது புக்குல இருக்குதா, இல்ல நீயா சொல்றியா?” புத்தகத்தில் இருப்பதுதான் அவருக்குக் கணக்கு. அச்சில் ஏறியிருந்தால் அது எங்கேயோ நடந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

இந்த வருஷம் மழை இல்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஊருக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ரோசலியக்காவும் அவர் வீட்டுக்காரரும் போவதாக இருந்தார்கள். மாதம் முடிந்துதான் பயணம் என்றார்கள். அதற்குள் கதை முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே பாஷா பாய் ரோட்டைத் தாண்டி வந்தார்.

“மேஸ்திரி வந்துட்டான் சார். இன்னிக்கே கெளம்பச் சொல்றானாம். ரோசலியக்கா மூணு மணி வண்டிக்குப் போவுது. என்னைப் பாத்து வேற எதுவும் சொல்லல, கதை மிச்சம் இருக்குதேன்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு.”

அன்றைக்குத்தான் வாசிப்பு நாள். ஆனால் மூட்டை முடிச்சைக் கட்டுகிறவர் எங்கே நூலகத்துக்கு வருவது? உடனே என் மனசு குதியாட்டம் போட்டது. நூலகம் அவரிடம் போகட்டுமே. பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படித்துவிடலாம். எல்லோருக்கும் சொல்லியனுப்பினேன். இது எவ்வளவு பெரிய நிகழ்ச்சி, மேலதிகாரிக்கு எப்படி எழுதலாம் என்றெல்லாம் மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மும்தாஜ் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். முகம் சரியில்லை.

“சார், நேத்து ராத்திரியே கடைசி வரைக்கும் பாத்துட்டேன். கடைசி வாரம் இல்ல.”

“இல்லன்னா?”

“இல்லீங்க. தைக்கும்போதே இல்லாம இருந்திருக்கும். அக்கா போயி தங்கச்சி வூட்டுக் கதவத் தட்டறா. ‘தொடரும்’னு போட்டிருக்குது. அதோட அட்டை.”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் காலண்டர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது. தருமபுரியில் யாரிடமாவது பழைய இதழ் இருக்கலாம். ஆனால் மூன்று மணிக்குள் அது வந்து சேராது.

மும்தாஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நானே சொல்லிடறேன் சார். கதவு தெறந்துச்சு, ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுதாங்கன்னு. படிக்கற மாதிரியே சொல்லிடுவேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. எப்படித் தெரியும்?”

சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒரு பெண் சந்தோஷமாகப் பஸ் ஏறுவார். அவருக்கும் அவர் தங்கைக்கும் நல்லதுகூட நடக்கலாம். ஆனால் மும்தாஜ் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

“அதனாலதாங்க கூடாது” என்றேன். “புக்குல இருக்குதா, நீயா சொல்றியான்னு அவங்க கேப்பாங்க இல்ல. அப்ப என்ன சொல்லுவீங்க?”

மும்தாஜுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப அந்தரத்துல வுட்டு அனுப்பறதா சார்? அங்க போயி கல்லு தூக்கறப்ப எல்லாம் இதயே நெனச்சுகிட்டு இருக்கணுமா அந்த அக்கா?”

பாஷா பாயைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்குது, நடங்க, வண்டி வந்துரும்” என்று கடைக்குச் சாக்கை இழுத்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நிகழ்ச்சி நடத்துகிற நமக்கு, எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற ஆசை பயங்கரமாக இருக்கும். கூட்டம் கைதட்ட வேண்டும், வந்தவர் மலர்ந்த முகத்தோடு போக வேண்டும். அந்த ஆசையில்தான் நாம் தப்புச் செய்வோம். புத்தகத்தில் நமக்கு வேண்டியதை நாம் சேர்த்தால், எழுத்து தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் நம் வாயைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறார். அங்கே நாம் கை வைக்கக் கூடாது. இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு நடக்கும்போது தெளிவாக இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ரோசலியக்கா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசிப்புக்கு வரும் பெண்கள் முன்பே வந்து சுற்றிலும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி வறுத்த கடலை கொண்டுவந்திருந்தாள். வழியில் தின்ன. மேஸ்திரி பீடியோடு நடந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா, செபக்கூட்டமா?”

“கதைங்க” என்றார் ரோசலியக்கா. “நீங்களும் கேளுங்க. எனக்கு முன்னாடி நடந்தத எல்லாம் ஒங்களுக்குச் சொல்ல நேரமில்ல.”

மும்தாஜ் ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அவர் படித்து நான் முதல்முதலாகக் கேட்டேன். இத்தனை நாள் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் நாடகம் போல ஏற்ற இறக்கமில்லை. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி ஒரே சீரான குரல். ஆனால் அக்கா ஏரிக்கரையைத் தாண்டுகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தார். சுண்டல் விற்கிறவர் கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டார். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“‘...வாசலில் நின்றாள். கையை உயர்த்தினாள். தட்டினாள்.’” மும்தாஜ் நிறுத்தினார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “இதுக்கு மேல புக்குல இல்லீங்கக்கா. கடைசி வாரம் இதுல தைக்கல.”

ரோசலியக்கா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“தெறந்தாளா, இல்லியா?”

“தெரியலீங்கக்கா.”

“சாருக்கும் தெரியாதா?”

“தெரியாதுங்க” என்றேன். அவ்வளவு பெரிய படிப்புப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தவனால் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடிந்தது.

கடலை கொண்டுவந்தவள் முதலில் ஆரம்பித்தாள். “தெறக்க மாட்டா. அவ்ளோ ரோசக்காரி அவ.” இன்னொருத்தி, “உள்ள புள்ள இருக்குது இல்ல, அது வந்து தெறந்துரும் பாரு” என்றாள். “புள்ளைக்கு எட்டுமா தாப்பா?” “எட்டற வயசுதான், காதுகுத்தி எத்தினி வருசமாச்சு.” சுண்டல்காரர், இந்தக் கதையின் முன்பாதியே தெரியாதவர், “தெறக்கலன்னா அப்புறம் எதுக்கும்மா கதை எழுதறான்?” என்றார். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு, “புருசன்காரன் என்ன சொல்றான்? அதச் சொல்லுங்க முதல்ல” என்றார். அதற்குள் வண்டி வந்து நின்றது. பாப்பாரப்பட்டி, பாலக்கோடு வழியாக ஓசூர் போகிற வண்டி. ரோசலியக்காவின் வீட்டுக்காரர் மூட்டைகளை மேலே ஏற்றுகிறார், சண்டை கீழே நடக்கிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, “யாரு வூட்டுப் பஞ்சாயத்துங்க இது?” என்கிறார்.

ரோசலியக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மும்தாஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கோவமாக்கா?” என்றார்.

“ஒம்மேல எனக்கென்ன கோவம். இல்லாதத இல்லேன்னுதானே சொன்னே.” கொஞ்சம் யோசித்தார். “தட்டிட்டா இல்ல? பட்டப்பகல்ல. தெருவுல நாலு பேரு பாத்திருப்பாங்க. இனி உள்ள இருக்கறவ எத்தினி நாளைக்குத் தாப்பா போட்டுகிட்டு இருப்பா?” பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, “தம்பி, பாப்பாரப்பட்டியில வண்டி நிக்குமா?” என்று கேட்டார்.

“நிக்கும் ஆயா. டீ குடிக்கற நேரம்.”

வண்டி போய்விட்டது. நாங்கள் திரும்பி நடந்தோம். மும்தாஜ் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. கடை வாசலில் மட்டும், “நான் சொன்ன மாதிரி சொல்லியிருந்தா அக்கா சிரிச்சுகிட்டே போயிருக்கும் சார்” என்றார். அதை நான் மறுக்கவில்லை. அந்த மாத அறிக்கையில் ‘வருகை’ என்ற இடத்தில் பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மேலதிகாரிக்கும் எனக்கும் நடந்த வாதத்தை இங்கே விட்டுவிடுகிறேன். அவர்தான் ஜெயித்தார்.

போன வாரம் வாசிப்பு முடிந்து பெண்கள் கலைகிற நேரம். நான் வழக்கம்போல ட்யூபும் கையுமாக இருந்தேன். ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்து, நூலகத்துக்கு முன்னால் நின்றார். ரோசலியக்காவின் அதே நெற்றி, அதே நிற்கிற விதம். கொஞ்சம் வயது குறைவு. நான் ரோட்டைத் தாண்டினேன்.

“இங்கதான் கதை படிக்கறீங்களாங்க? எங்கக்கா சொல்லுச்சு.”

நான் பதில் சொல்வதற்குள் மும்தாஜ் உள்ளேயிருந்து ஓடி வந்தார். “அக்கா வந்தாங்களா? எறங்கினாங்களா?”

“எறங்குச்சு.” அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “மாமா மூட்டையோட முன்னாடி போயிட்டாரு. அடுத்த வண்டிக்குப் போயிர்றேன், மேஸ்திரி திட்டுவாருன்னு சொல்லிகிட்டேதான் உள்ள வந்துச்சு. ரெண்டு வண்டிய வுட்டுட்டுதான் போச்சு.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மும்தாஜ் மட்டும் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

“அக்கா கதைய அரையும் கொறையுமா சொல்லுச்சுங்க” என்றார் அந்தப் பெண். “எங்கூர்லயும் கேக்கறதுக்கு ஆளுங்க இருக்குது. ஆனா எல்லாரும் பஸ் ஏறி இங்க வர முடியாது. நீங்க வருவீங்களா?”

அதனால் வருகிற வெள்ளிக்கிழமை, நமக்கு வார விடுமுறை, நான் பாப்பாரப்பட்டிக்குப் போகிறேன். இடம், அவர்கள் வீட்டு முன்னால் இருக்கிற களம். மேலதிகாரியிடம் சொல்லியாயிற்று. ‘விடுமுறையில் நீ எங்கே போனாலும் எனக்குத் தெரியாது’ என்பதை அனுமதி என்றே வைத்துக்கொண்டேன். இருக்கிற முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். முடிவு கையில் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடப் போகிறேன். உங்கள் கிளைகளில் யார் வீட்டிலாவது அந்தக் கடைசி வாரம் கிடைத்தால் அனுப்பிவையுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை பாஷா பாய் வீட்டில் விருந்தாளிகள் வருகிறார்கள், மும்தாஜால் வர முடியாது. நான்தான் படிக்க வேண்டும். நான் இதுவரை கூட்டத்துக்கு முன்னால் எதையும் சத்தமாகப் படித்ததில்லை. இரண்டு நாளாகச் சைக்கிள் கடையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டேன். பாஷா பாய் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்தபடியே சொன்னார்: “நல்லாத்தான் இருக்குது சார். நடுவுல கொஞ்சம் மூச்சு வுடுங்க.”